ஒத்தை ஆளை நம்பி இன்னும் எத்தனை சீசன்? தலைவாஸ் ரெய்டு தேறுமா... கரிசக்காட்டு கபடி ரசிகர்கள் ஏக்கம்

அருப்புக்கோட்டை:

தமிழ் தலைவாஸ் அணிக்கு அடுத்த சீசனிலாவது பாடிப் போய் புள்ளி எடுக்க ஆள் அமையுமா? அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் கபடி பார்க்கிறவர்கள் மத்தியில் 12-வது சீசன் முடிந்ததில் இருந்து சுற்றி வரும் கேள்வி இதுதான்.

2025-ம் ஆண்டு அக்டோபர் 31-ந் தேதி டெல்லியில் நடந்த இறுதிப் போட்டியில் புனேரி பல்டானை 31-28 என்ற கணக்கில் வீழ்த்தி தபாங் டெல்லி கோப்பையைத் தட்டிச் சென்றது. மொத்தம் 12 அணிகள். அதில் முதல் 8 இடத்துக்குள் வந்தாலே அடுத்த கட்டத்துக்குப் போகலாம் என்று விதி இருந்தது. அந்த எட்டுக்குள்ளும் தலைவாஸ் வரவில்லை. டி.வி. முன்னால் கண் விழித்து உட்கார்ந்திருந்த ரசிகர்களுக்கு மிஞ்சியது வயித்தெரிச்சல்தான்.

பருத்தியும் மக்காச்சோளமும் மழையை நம்பிக் கிடக்கிற பூமி இது. பொங்கலோ, கோவில் கொடையோ வந்துவிட்டால் ஊருக்கு ஊர் 'மாபெரும் மின்னொளி கபடி போட்டி' என்று பேனர் கட்டி விடுவார்கள். விடிய விடிய ஆட்டம் நடக்கும். பாடுகிறவன் காலைத் தூக்கும்போதே இவன் தேறுவானா மாட்டானா என்று சொல்லிவிடும் கூட்டம் அது. அந்தக் கூட்டத்துக்குத்தான் தலைவாசின் ஆட்டம் பிடிபடவே மாட்டேன் என்கிறது.

பிடி இருக்கு... பாட ஆள் இல்லை

தலைவாஸ் அணி புரோ கபடிக்குள் வந்தது 2017-ல். அன்றைக்கு கேப்டன் அஜய் தாக்கூர். அந்த ஒரே சீசனில் அவர் மட்டும் 200-க்கும் மேற்பட்ட ரெய்டு புள்ளிகளைக் குவித்தார். 2018-லும் அதே மாதிரி 200-ஐத் தாண்டினார். ஆனால் இரண்டு வருடமும் அணி தன் பிரிவில் கடைசி இடம்.

இது எப்படி? ஒரு ஆள் 200 புள்ளி எடுத்தும் அணி கடைசியில் கிடக்கிறது என்றால், மற்றவர்கள் பங்கு என்ன என்ற கேள்வி அப்போதே எழுந்தது.

2019-ல் 'ரெய்டு மெஷின்' என்று பெயர் எடுத்த ராகுல் சவுத்ரி 94 லட்சம் ரூபாய்க்கு வந்தார். அஜய் தாக்கூர், மஞ்சித் சில்லர், ராகுல் சவுத்ரி என்று பெயர்ப் பட்டியலைப் பார்த்தாலே எதிரணி நடுங்கும் என்றார்கள். அந்த சீசனில் 12 அணிகளில் 12-வது இடம்தான் கிடைத்தது. நடுவழியில் பயிற்சியாளரும் மாறினார். 2021-22 சீசனில் சுர்ஜித் சிங் தலைமையில் பிடி பலமாக இருந்தது. ஆனால் பல ஆட்டங்கள் சமனில் போய் முடிந்தன. ஜெயிக்க வேண்டிய நேரத்தில் ஒரு புள்ளி கொண்டு வர ஆள் இல்லாமல் 11-வது இடத்தில் நின்றது அணி.

கோடியைக் கொட்டியும் விடியவில்லை

2022-ல் இந்தியாவின் முன்னணி ரைடர் பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கினார்கள். புரோ கபடியில் அதுவரை யாருக்கும் கொடுக்காத விலை. ரசிகர்கள் வெடி போடாத குறைதான். ஆனால் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு பவன் வெளியே போனார். சீசன் முழுக்க அவரால் ஆட முடியவில்லை.

வேடிக்கை என்னவென்றால், அந்த வருடம்தான் தலைவாஸ் அரை இறுதி வரை போனது. பெரிய ஆள் இல்லை என்றதும் சின்ன ஆட்கள் எல்லாரும் தோள் கொடுத்தார்கள். நரேந்தர் என்ற புதுப் பையன் முதல் சீசனிலேயே 243 ரெய்டு புள்ளி எடுத்தார். அஜிங்க்யா பவார் துணைக்கு நின்றார். பின்னால் சாகர், சாகில் குலியா பிடி. புதிய பயிற்சியாளர் அஷன் குமார். எலிமினேட்டரில் உ.பி. யோத்தாசை டை-பிரேக்கரில் சாய்த்து, அரை இறுதியில் புனேரி பல்டானிடம் 37-39 என்று இரண்டே இரண்டு புள்ளியில் தோற்றார்கள். தோற்றாலும் தலை நிமிர்ந்து தோற்றார்கள் என்று இன்றைக்கும் ரசிகர்கள் பேசுவது அந்த ஆட்டத்தைத்தான்.

அந்தப் பாடம் தங்கவில்லை. 2023-24-ல் 9-வது இடம். 2024-ல் சச்சின் தன்வரை 2 கோடியே 15 லட்சம் ரூபாய்க்கு எடுத்தார்கள். அந்த ஏலத்திலேயே அதிக விலை அவருக்குத்தான். ஒரு அணி மொத்தமே 5 கோடி ரூபாய்தான் செலவு செய்யலாம். அதில் பாதியை நெருங்கும் பணம் ஒரே ஆளுக்குப் போய்விட்டது. அந்த சீசனிலும் 9-வது இடம்தான்.

ரெண்டு பேர் வந்தாங்க... ஒருத்தர் போயிட்டாரு

2025-ல்தான் நிர்வாகத்துக்கு விஷயம் புரிந்தது போலத் தெரிந்தது. அர்ஜுன் தேஷ்வாலை 1 கோடியே 40 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்கு எடுத்தார்கள். பவன் செராவத்தை 59 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய்க்குத் திரும்பக் கூட்டி வந்தார்கள். பயிற்சியாளர் சஞ்சீவ் பலியான். இடது பக்கம் ஒருத்தர், வலது பக்கம் ஒருத்தர் பாடினால் எந்த அணி தாங்கும் என்று டீக்கடைக்கு டீக்கடை ஒரே பேச்சு.

ஆனால் சில ஆட்டங்கள் முடிந்த நிலையில், செப்டம்பரில் பவன் அணியில் இருந்து அனுப்பப்பட்டார். ஒழுங்கு நடவடிக்கை என்று நிர்வாகம் அறிவித்தது. தன் மீது தவறு இல்லை என்று பவன் மறுத்தார். யார் சொன்னது சரி என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். பாரம் முழுக்க அர்ஜுன் தலையில் விழுந்தது. கேப்டன் பொறுப்பும் அவரிடமே வந்தது. நரேந்தர், ஈரான் வீரர் மொயின் ஷஃபாகி ஆகியோர் அணியில் இருந்தும் பவன் போன இடத்தை ஈடுகட்ட முடியவில்லை.

இரண்டாவது ஆள் எதுக்கு?

கபடி தெரியாதவர்களுக்கு இது சாதாரணமாகத் தோன்றும். களம் தெரிந்தவர்களுக்குத்தான் வலி புரியும்.

ஒரு பக்கம் 7 பேர். ஒரு ரெய்டுக்கு 30 வினாடி. பாடிப் போனவன் பிடிபட்டால் வெளியே போய் உட்கார வேண்டும். அவன் அணி எதிரணியில் ஒருவரை அவுட் ஆக்கினால்தான், வெளியே இருக்கிறவர்கள் வரிசைப்படி ஒவ்வொருவராக உள்ளே வர முடியும். ஆக, முதல் ரைடர் வெளியே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் அவரைத் திரும்ப உள்ளே கொண்டு வருவதுதான் இரண்டாவது ரைடரின் வேலை. அந்த இரண்டாவது ஆள் தடுமாறினால் முதல் ஆள் எவ்வளவு பெரிய கெட்டிக்காரராக இருந்தாலும் பெஞ்சில் உட்கார்ந்து கை தட்ட வேண்டியதுதான்.

அடுத்தது, தொடர்ந்து இரண்டு ரெய்டு வெறுங்கையோடு திரும்பினால் மூன்றாவது ரெய்டு 'டூ ஆர் டை'. புள்ளி எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அவுட். அதற்கென்று மூன்றாவது ஒரு ஆள் வேண்டும். முக்கிய ரைடரையே அதற்கும் அனுப்பினால், எதிரணி கார்னரும் கவரும் வலை விரித்துக் காத்திருக்கும். அவர் விழுந்தால் அடுத்த சில நிமிடத்தில் ஆட்கள் குறைந்து ஆல் அவுட். அதற்கு எதிரணிக்கு கூடுதலாக 2 புள்ளி.

இவ்வளவுதான் கணக்கு. ஆண்டுக்கு ஆண்டு தலைவாஸ் இந்தக் கணக்கில்தான் கோட்டை விடுகிறது என்பது ரசிகர்களின் ஆதங்கம்.

ஜெய்ப்பூர் கோப்பையில் தமிழன் பங்கு

இதற்கு வெளியே போய் உதாரணம் தேட வேண்டியதே இல்லை. 2022-ல் ஜெய்ப்பூர் பிங்க் பாந்தர்ஸ் கோப்பையை வென்றது. அப்போது அந்த அணியின் முதல் ரைடர் இதே அர்ஜுன் தேஷ்வால்தான். 296 ரெய்டு புள்ளி எடுத்தார். பயிற்சியாளர் இதே சஞ்சீவ் பலியான்தான். அப்படியென்றால் ஜெய்ப்பூரில் இருந்து, தலைவாசில் இல்லாதது எது?

பக்கத்தில் பாடுவதற்கு ஒரு ஆள். அந்த ஆள் வி.அஜித்குமார். தமிழ்நாட்டுக்காரர். அதற்கு முன்பு 2019-ல் தலைவாஸ் சட்டை போட்டு ஆடியவர். புனேரி பல்டானுக்கு எதிரான அந்த இறுதிப் போட்டியிலும் முக்கியமான நேரத்தில் புள்ளி எடுத்துக் கொடுத்தார்.

2025-ல் கோப்பை வாங்கிய டெல்லியிலும் இதே கதைதான். கேப்டன் ஆஷு மாலிக் பெரிய ரைடர். ஆனால் அவர் காயத்தால் ஆட முடியாத நாட்களில் நீரஜ் நர்வாலும் அஜிங்க்யா பவாரும் அணியைத் தாங்கினார்கள். இந்த அஜிங்க்யா யார்? 2022-ல் தலைவாசை அரை இறுதிக்குக் கொண்டு போனவர்களில் ஒருவர். வீட்டில் இருந்த கன்றை விற்றுவிட்டு பாலுக்குப் பக்கத்து வீட்டை எட்டிப் பார்த்த கதையாகிவிட்டது.

மண்ணுல ஜெயிச்சா போதுமா?

ரசிகர்கள் கேட்கும் இன்னொரு கேள்வி காரமானது. அணிப் பெயரில் தமிழ் இருக்கிறது, பாடுகிறவர்களில் தமிழ்ப் பையன் எங்கே என்பதுதான் அது. பிரபஞ்சன், அஜித்குமார் போன்றவர்கள் வந்து போனார்கள். பாட்னா அணியில் சுதாகர் என்ற தமிழ்நாட்டு ரைடர் பெயர் வாங்கினார். சொந்த மாநில அணியில் முதல் வரிசை ரைடராக ஒரு தமிழ்ப் பையன் நிலைத்து நின்றதில்லை.

முழுப் பழியையும் நிர்வாகத்தின் மேல் போட்டுவிட முடியாது. ஊர்ப் போட்டிகள் பெரும்பாலும் எடைப் பிரிவு வைத்து நடக்கின்றன. 55 கிலோ, 65 கிலோ என்று பிரிப்பார்கள். அந்த எடைக்குள் நிற்க வேண்டும் என்று போட்டிக்கு முந்தின நாள் பட்டினி கிடக்கிற பையன்களும் உண்டு. புரோ கபடியில் 85 கிலோ வரை ஆடலாம். 80 கிலோ ஆட்கள் மூன்று பேர் சேர்ந்து மறித்தால் 60 கிலோ பையன் எப்படித் தப்புவான்? சத்தான சாப்பாடும், உடம்பை ஏற்றும் பயிற்சியும் வேண்டும். தறியிலோ, மில்லிலோ, பட்டாசு ஆலையிலோ வாங்கும் கூலியில் குடும்பம் ஓட்டுகிற வீட்டில் அது லேசுப்பட்ட காரியம் இல்லை.

அடுத்தது தரை. மண்ணில் வெறுங்காலோடு ஆடிப் பழகியவனுக்கு மேட்டில் ஷூ போட்டதும் கால் வேறு மாதிரி நிற்கும். மண்ணில் வழுக்கித் தப்பிக்கிற வித்தை மேட்டில் செல்லாது. மேட்டில் திரும்புகிற வேகம் மண்ணில் வராது. சின்ன வயதிலேயே மேட்டில் இறக்கிவிட்டால் மட்டுமே இது சரியாகும். வருடக்கணக்கில் மண்ணில் ஆடிவிட்டு 22 வயதில் தேர்வுக்குப் போனால் காலம் கடந்துவிடும்.

திறமைக்குப் பஞ்சம் இல்லை என்பதற்கு சாட்சியும் இருக்கிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியா கபடியில் ஆண், பெண் இரண்டு தங்கமும் வென்றது. சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவும், திருவாரூர் மாவட்டம் வடுவூர் அபினேஷும் அந்த அணிகளில் இருந்தனர். தமிழக அரசு ஆளுக்கு 25 லட்சம் ரூபாய் கொடுத்தது. அதற்கும் முன்னால், தூத்துக்குடி மாவட்டத்து மணத்தி கணேசன் 1994 ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கி அர்ஜுனா விருதும் பெற்றார். ஊர் மண்ணில் இருந்து கிளம்பியவர்தான் அவரும்.

வேலைக்கும் வழி

கரிசல் காட்டுப் பையன்களுக்கு இது வெறும் வேடிக்கை இல்லை. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடம் உண்டு. ரெயில்வே, போலீஸ், வங்கி என்று கபடி அணி வைத்திருக்கும் இடங்களிலும் வாய்ப்பு இருக்கிறது. முதலமைச்சர் கோப்பைப் போட்டியிலும் கபடி இருக்கிறது. டி.வி.யில் நம்ம ஊர்ப் பையன் ஒருவன் பாடி வருவதைப் பார்த்தால், பத்துப் பையன்கள் சாயங்காலம் செல்போனை வைத்துவிட்டு களத்துக்கு வருவார்கள். பெற்றோரும் 'விளையாட்டு சோறு போடுமா?' என்று கேட்கிற கேள்வியைக் கொஞ்சம் தள்ளிப் போடுவார்கள். தலைவாஸ் தோற்றால் இங்கே வலிப்பதற்குக் காரணம் அதுதான்.

அடுத்த சீசனில் எதைப் பார்க்கணும்?

ஏலத்தில் யாருக்கு எத்தனை கோடி என்று வாயைப் பிளப்பதை விட்டுவிட்டு மூன்று விஷயத்தைப் பார்த்தால் போதும் என்கிறார்கள் விவரம் தெரிந்த ரசிகர்கள். ஒன்று, முதல் ரைடர் வெளியே போனால் அவரை உள்ளே கொண்டு வர இரண்டாவது ஆள் யார்? இரண்டு, 'டூ ஆர் டை' ரெய்டுக்கு என்றே பழக்கிய ஆள் உண்டா? மூன்று, தமிழ்நாட்டுப் பையன் யாரையாவது வாங்கினால், அவனைப் பெஞ்சில் உட்கார வைக்காமல் களத்தில் இறக்குவார்களா?

இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் கோப்பை வருகிறதோ இல்லையோ, ஆட்டம் ஆட்டமாக இருக்கும். பதில் இல்லாவிட்டால் எத்தனை கோடி கொட்டினாலும் ஒத்தை மாட்டை ஏரில் பூட்டி உழுத கதைதான். மழைக்கு அண்ணாந்து பார்த்துப் பழகிய பூமி என்பதால் இந்த ஊர் ரசிகர்கள் இன்னும் ஒரு சீசன் பொறுத்துப் பார்க்கத் தயாராக இருக்கிறார்கள். ரெண்டாவது மாட்டைப் பூட்ட வேண்டியது நிர்வாகத்தின் வேலை.