பேணி நுரையும் பிறஷ் நுரையும்

தாழ்வுபாட்டுப் பெடியளே, பேணி நுரையை நாங்களும் பாவிச்சனாங்கள்தான். இனி வேண்டாம் என்கிறோம். பேணிக்குள் இருப்பதில் பெரும்பங்கு தண்ணீர், கொஞ்சம் சவர்க்காரம். பொங்க வைப்பது பியூட்டேன், புரொப்பேன். குசினியில எரிக்கிற காஸும் அதுதான்! தாடியை மெதுவாக்குவது ஈரமும் நேரமும். நுரையின் உயரம் அல்ல. பிறஷால் சுழட்டினால் மயிர் நிமிரும், தண்ணி ஊறும். பட்டாணி அளவு கிறீம் காணும்.

"கடலுக்குப் போற அவசரத்தில ஆர் பிறஷ் பிடிக்கிறது?" எண்டு கேப்பியள். ரெண்டு நிமிசம்தானே!

முடிஞ்ச பேணியைத் திரும்ப நிரப்பேலாது. எரித்தால் வெடிக்கும். எறிந்தால் உப்புக்காத்தில் துருப்பிடித்துக் கரையிலேயே கிடக்கும். அந்தக் கரையில் வெறுங்காலோட வள்ளம் தள்ளுறது ஆர்? எங்கட அப்பாமார்தான்.