எண்ணூர் முகத்துவாரம் அடைபட்டா கொருக்குப்பேட்டைக்கும் ஆபத்து!
இயற்கை பாதி, மனுஷன் பாதி... காணாமல் போகும் இறால்

சென்னை: கொருக்குப்பேட்டையில் பக்கிங்காம் கால்வாயைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கிட்டு போய்விடுகிறோம். அந்தக் கறுப்புத் தண்ணீர் எங்கே போகிறது? வடக்கே மணலியைத் தாண்டி, எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றோடு கலந்து, முகத்துவாரம் வழியாக கடலுக்குப் போகிறது. அந்த இடம் தான் கடலில் இருந்து வரும் இறால் குஞ்சுகள் தங்கி வளரும் வீடு. நண்டு, மடவை எல்லாம் அங்கே தான். அந்த வீடு இப்போது பாழாகிக் கொண்டிருக்கிறது.

இயற்கை செய்வது

முகத்துவாரம் மணலால் மூடுவது புதுசு இல்லை. தெற்கில் இருந்து வரும் அலை மணலை வடக்கே தள்ளும். ஆற்றில் தண்ணீர் இல்லாத மாதங்களில் வாய் தூர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழை வெள்ளம் வந்து உடைத்துக்கிட்டு போகும். காலங்காலமா நடப்பது. ஒரு வருஷம் மூடினாலும் மறு மழையில் சரியாகிவிடும்.

மனுஷன் செய்தது

மனுஷன் கொட்டியது அப்படி சரியாகவில்லை. துறைமுகத்தின் கல்சுவர் மணலைத் தெற்கே மறித்ததால் மெரினா அகலமானது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் ஊருக்குள் வந்தது. அனல்மின் நிலைய சாம்பல் கழிமுகத்தில் படிந்து ஆழத்தைக் குறைத்தது. வழக்கு பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகம் அருகே 2 கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி பகுதியில் இருந்து வந்த எண்ணெய், இதே பக்கிங்காம் கால்வாய் வழியாகத் தான் எண்ணூருக்குள் புகுந்தது. கூழைக்கடா பறவைகள் இறக்கையில் எண்ணெய் அப்பி பறக்க முடியாமல் தவித்தன. படகும் வலையும் நாசம்.

இது போதாதென்று 'காக்கா ஆழி' வேறு. தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்தக் கறுப்பு சிப்பி, கப்பல்கள் மூலமாக வந்திருக்கலாம் என்று கருதப்படுகிறது. ஆற்றின் அடியில் கம்பளம் மாதிரி படர்ந்துவிட்டது. இறால் சேற்றில் புதைய இடம் இல்லை. கையால் தடவி இறால் பிடிப்பவர்களின் பிழைப்பில் மண் விழுந்தது. பழவேற்காடு ஏரி வரைக்கும் இது பரவிவிட்டது.

நமக்கு என்ன?

எண்ணெய் கசிவுக்கு நிவாரணமாக மீனவர் குடும்பத்துக்கு ரூ.12,500 கொடுத்தார்கள். அது சில வாரச் செலவு. போன இறால் திரும்ப வர ஆறு பிழைக்கணும்.

இது மீனவர் பிரச்சினை மட்டும் இல்லை. எண்ணூர் வாய் அடைபட்டால் வடசென்னை வெள்ளம் வடிய வழி இல்லை. 2023-ல் வீட்டுக்குள் நின்ற தண்ணீரை இறைத்தவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மணலைத் தள்ளுவது கடலின் வேலை. சாம்பலையும் காக்கா ஆழியையும் மழைக்கு முன்பே அள்ளுவது யார் வேலை?