மாறுவேடமா, மரணமா? ஒரு வெட்டுக்கிளியின் வழக்கு

1875-ம் ஆண்டு. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாகாணத்தில் ஆல்பர்ட் சைல்டு என்பவர் வானத்தை அண்ணாந்து பார்த்தபடி கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். தலைக்கு மேலே வெட்டுக்கிளிக் கூட்டம் ஒன்று போய்க்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம், ஒரு நாள் அல்ல... 5 நாட்கள்!

பக்கத்து ஊர்களுக்குத் தந்தி அடித்து விசாரித்தார் சைல்டு. கூட்டத்தின் அகலம், பறக்கும் வேகம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது, அது பரவியிருந்த பரப்பு சுமார் 5 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று வந்தது. அதில் 3.5 லட்சம் கோடி பூச்சிகள் இருந்திருக்கலாம் என்று பிற்காலத்தில் மதிப்பிட்டார்கள்.

இதுதான் ராக்கி மலை வெட்டுக்கிளி. கோதுமை, சோளம் எல்லாவற்றையும் மொட்டையடித்தது. கொடியில் காயப்போட்ட துணியையும், வியர்வை ஊறிய மண்வெட்டிக் கைப்பிடியையும்கூட விட்டுவைக்கவில்லை. குடியேறிய விவசாயிகள் பலர் ஊரைக் காலி செய்துகொண்டு போனார்கள்.

ஆனால், அடுத்த 30 ஆண்டுகளுக்குள் அதைக் காணவில்லை. கடைசியாக உயிரோடு பிடிபட்டது 1902-ல், கனடாவில். இவ்வளவு பெரிய கூட்டம் எங்கே போனது?

1921-ல் ஒரு புதுச் சந்தேகம் கிளம்பியது. லண்டனில் பணியாற்றிய ரஷ்யப் பூச்சியியலாளர் போரிஸ் உவரோவ், அதுவரை இரண்டு தனித்தனி இனங்களாகக் கருதப்பட்ட வெட்டுக்கிளிகள் உண்மையில் ஒரே இனம்தான் என்று காட்டினார். தனியாக வளர்ந்தால் ஒரு தோற்றம், சாதுவான குணம். நெருக்கியடித்து வளர்ந்தால் வேறு நிறம், வேறு உடல் அமைப்பு, படையாகப் பறக்கும் குணம். ஒரே நடிகருக்கு இரட்டை வேடம் மாதிரி!

‘அப்படியானால் ராக்கி மலை வெட்டுக்கிளியும் சாகவில்லையோ? இன்றும் வட அமெரிக்க வயல்களில் சாதாரணமாகத் துள்ளித் திரியும் மெலனோபிளஸ் சாங்குயினிப்பஸ் என்ற வெட்டுக்கிளிதான் அன்றைக்குப் படைவேடம் போட்டு வந்ததோ?’ என்று சிலர் கேட்டார்கள்.

இது வெறும் பெயர்ச் சண்டை இல்லை. வேடம்தான் என்றால், ஏதோ ஒரு வருடம் அந்தப் படை மறுபடியும் கிளம்பலாம். தனி இனம் என்றால், கோடிக்கணக்கில் இருந்த ஓர் உயிரினம் சில பத்தாண்டுகளில் பூண்டோடு அழிந்துவிட்டது என்று பொருள்.

தோற்றத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது கஷ்டம். இறக்கையின் நீளமும் நிறமும் வளர்ந்த சூழலைப் பொறுத்து மாறக்கூடியவை. டி.என்.ஏ. அப்படி இல்லை. கூட்டமாக வளர்ந்தாலும் தனியாக வளர்ந்தாலும் அதில் எழுதியிருப்பது மாறாது.

நல்லவேளையாக, அந்தக் காலத்தில் பிடித்துக் குண்டூசியில் குத்தி வைத்த வெட்டுக்கிளிகள் மியூசியங்களில் பத்திரமாக இருந்தன. நூறாண்டு கடந்த உடலில் டி.என்.ஏ. துண்டு துண்டாகச் சிதைந்திருக்கும். அதனால் ஆய்வாளர்கள் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வைத் தேடினார்கள். செல்லுக்குச் சக்தி தரும் இந்த நுண்ணுறுப்பின் டி.என்.ஏ., ஒவ்வொரு செல்லிலும் ஏராளமான பிரதிகளாக இருக்கும். அதில் சிலவாவது தப்பிப் பிழைத்திருக்கும்.

2004-ல் கனடாவின் சாப்கோ, லிட்சன்பெர்கர் ஆகிய இருவரும் இந்த ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். ராக்கி மலை வெட்டுக்கிளி, சாங்குயினிப்பஸின் மாறுவேடம் இல்லை. அதைவிட மெலனோபிளஸ் புரூனெரி என்ற வேறொரு வெட்டுக்கிளியே அதற்கு நெருங்கிய சொந்தம். ஆண் பூச்சியின் இனப்பெருக்க உறுப்பை ஆராய்ந்து, ‘இது தனி இனம்’ என்று ஜெஃப்ரி லாக்வுட் என்ற பூச்சியியலாளர் முன்பே சொல்லியிருந்தார். அதற்கு வலுச் சேர்ந்தது.

டி.என்.ஏ. சொன்னால் மறுபேச்சே இல்லை என்று நினைத்துவிடக் கூடாது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வின் பழைய நகல்கள் சில, செல்லின் உட்கருவுக்குள் ஒட்டிக்கொண்டு கிடப்பதுண்டு. வெட்டுக்கிளிகளில் இந்தத் தொல்லை அதிகம். போலி நகலை அசல் என்று படித்துவிட்டால், ஒரே இனம் பல இனங்களாகத் தெரியும். 2008-ல் வெளியான ஓர் ஆய்வு இதை எச்சரித்தது. அதனால்தான் உடல் அமைப்பு, வாழிடம், மரபணு என்று பல சாட்சிகளையும் விசாரித்த பிறகே இனம் பிரிக்கிறார்கள்.

சரி, இவ்வளவு பெரிய படையை அழித்தது யார்? லாக்வுட் தரும் விளக்கம் இது. படையெடுக்காத ஆண்டுகளில் இந்த வெட்டுக்கிளிகள் ராக்கி மலையின் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் ஒடுங்கிக்கொள்ளும். முட்டையிடுவது அந்த மண்ணில்தான். அதே பள்ளத்தாக்குகளுக்கு விவசாயிகள் ஏரோடும் மாடுகளோடும் வந்து சேர்ந்தார்கள். உழவிலும் பாசனத்திலும் முட்டைகள் அழிந்தன. பூச்சியை ஒழிக்கத் திட்டம் போட்டு யாரும் அங்கே உழவில்லை. கோதுமைக்காகத்தான் உழுதார்கள்.

இன்று உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் பட்டியலில், ராக்கி மலை வெட்டுக்கிளியின் பெயருக்கு நேரே ‘அழிந்த இனம்’ என்று இருக்கிறது. அதைக் குண்டூசியில் குத்தி வைத்தவர்களுக்கு டி.என்.ஏ. சோதனை என்று ஒன்று வரும் என்றே தெரியாது. அவர்கள் பத்திரப்படுத்திய பூச்சிகள்தான் நூறாண்டு கழித்து அதன் வழக்கில் சாட்சி சொல்லின.