அடி ஒண்ணு, வலி ரெண்டு... நரம்புக்குள் ஓடும் 'உப்பு கரன்ட்' ரகசியம்!

இருட்டில் நடக்கும்போது கட்டில் காலில் சுண்டுவிரலை இடித்துக்கொள்ளாதவர் யார்? முதலில் 'சுரீர்' என்று ஒரு வலி. காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்வதற்குள், 'விண் விண்' என்று இன்னொரு வலி மெதுவாக வந்து சேரும். பட்டது ஒரே அடிதான். ஆனால், செய்தியைச் சுமந்து போகும் நரம்பு இழைகள் இரண்டு வகை. ஒன்று வேகமானது, மற்றது நிதானமானது.

அந்தச் செய்தி மின்சாரமாகத்தான் போகிறது. ஆனால், வீட்டு ஒயரில் ஓடும் கரன்ட் மாதிரி அல்ல. இதற்கு மூலப்பொருள், சாப்பாட்டு உப்பில் இருக்கும் அதே சோடியம்!

கதவு திறந்தால் கரன்ட்

நரம்பு செல்லுக்கு வெளியே சோடியம் அதிகம், உள்ளே பொட்டாசியம் அதிகம். செல்லின் சுவரில் உள்ள 'பம்ப்' 3 சோடியத்தை வெளியே தள்ளி, 2 பொட்டாசியத்தை உள்ளே இழுத்து, இந்த ஏற்பாட்டைக் காக்கிறது. பொட்டாசியம் கொஞ்சம் வெளியே கசிவதால், சும்மா இருக்கும்போது செல்லின் உள்பக்கம் சுமார் 70 மில்லிவோல்ட் குறைவாக இருக்கும்.

அடி பட்டதும் சோடியம் கதவுகள் திறக்கின்றன. சோடியம் உள்ளே பாய்கிறது; மின்னழுத்தம் சட்டென ஏறுகிறது. உடனே அந்தக் கதவுகள் மூடி, பொட்டாசியம் வெளியேற, பழைய நிலை திரும்புகிறது. எல்லாம் ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்தில்! அதற்குள் அடுத்த கதவுகளும் திறந்துவிட, துடிப்பு நகர்ந்துகொண்டே போகிறது. அடி பலமாக இருந்தால் துடிப்பு பெரிதாகாது. அடிக்கடி வரும், அவ்வளவுதான். பல் பிடுங்கும் முன் போடும் ஊசி இந்த சோடியம் கதவுகளைத்தான் அடைக்கிறது. அதனால்தான் வலி தெரிவதில்லை.

கணவாய் சொன்ன பாடம்

இதைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு கணவாய். அதன் ராட்சத நரம்பிழை கிட்டத்தட்ட 1 மில்லிமீட்டர் தடிமன்! 1939-ல் இங்கிலாந்தின் பிளைமவுத்தில் ஆலன் ஹாட்ஜ்கினும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அதற்குள் மெல்லிய மின்முனையைச் செலுத்தி அளந்தார்கள். நடுவில் உலகப்போர் குறுக்கிட்டது. 1952-ல் முழு விளக்கமும் வெளியானது. 1963-ல் நோபல் பரிசு.

உறை பழுதானால்..?

வேகமான இழைகளுக்கு 'மயலின்' என்ற கொழுப்பு உறை உண்டு. உறையின் இடைவெளிகளில் துடிப்பு தாவித் தாவிப் போவதால், சில இழைகளில் வேகம் விநாடிக்கு 100 மீட்டரையும் தாண்டும். உறையில்லாத வலி இழைகளில் சுமார் 1 மீட்டர்தான்.

2025 தொடக்கத்தில் புனேவில் பலரைப் படுக்கவைத்த 'கில்லன் பாரே சிண்ட்ரோம்' கைவைப்பது இங்கேதான். வயிற்றுப்போக்கோ சளிக்காய்ச்சலோ வந்துபோன சில நாள்கள், வாரங்களில், உடலின் எதிர்ப்பு சக்தியே நரம்பைத் தவறாகத் தாக்குகிறது. சிலருக்கு உறை சேதமாகும். சிலருக்கு இழையே சேதமாகும். செய்தி வழியிலேயே நின்றுவிடும்.

இரண்டு கால்களிலும் மதமதப்பு, படியேற முடியாத பலவீனம், அது மெல்ல மேல்நோக்கிப் பரவுவது... இவை தெரிந்தால் 'சத்துக் குறைவு' என்று டானிக் வாங்கிக் காத்திருக்க வேண்டாம். சுவாசத் தசைகள் பாதிக்கப்பட்டால் உயிருக்கே ஆபத்து. அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இம்யூனோகுளோபுலின் ஊசி, பிளாஸ்மா மாற்று என்று சிகிச்சைகள் இருக்கின்றன. சீக்கிரம் தொடங்கினால் பலன் அதிகம். மாதக்கணக்கில் ஆனாலும், பெரும்பாலானோர் மறுபடி எழுந்து நடக்கிறார்கள்.