ரயில் நிலையம்வரை நீளட்டும் பாதை

இங்கிலாந்தின் டெர்பிஷயரில் 1968இல் மூடப்பட்ட ரயில் தடம் இன்று ‘மான்சால் டிரெயில்’. மோட்டார் வாகனங்கள் நுழையாத, ஏறத்தாழ 14 கி.மீ. நீளப் பாதை. பழைய சுரங்கங்கள் 2011இல் திறக்கப்பட்டபின் குழந்தைகளும் முதியவர்களும்கூட அச்சமின்றி மிதிவண்டி ஓட்டுகிறார்கள். ஆனால் பக்ஸ்டன் ரயில் நிலையத்தை எட்டுமுன்பே பாதை முடிந்துவிடுகிறது. மறுமுனையும் மேட்லாக் நிலையத்தைத் தொடவில்லை. மிதிவண்டியோடு ரயிலில் வந்திறங்குபவர், லாரிகள் விரையும் ஏ6 சாலையில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவதா? இரு ஊர்களையும் இணைக்கும் ‘ஒயிட் பீக் லூப்’ திட்டம் பல ஆண்டுகளாகத் துண்டு துண்டாகவே நகர்கிறது. நில உரிமையாளர்களின் இசைவைப் பெறுவதும், குறுகிய ஆற்றுப் பள்ளத்தாக்கில் தடம் அமைப்பதும் கடினம்தான். எனினும் விடுபட்ட அந்தச் சில கிலோமீட்டர்களுக்கே டெர்பிஷயர் கவுன்சில் முதலில் நிதி ஒதுக்க வேண்டும்.