தேறலுக்குப் பெயர் தந்த நகரில் தேறற்கடைக்குத் தமிழில்லை!

புதுச்சேரிக் கடற்கரையை ஒட்டிய பழைய பிரெஞ்சியர் பகுதியில் நடந்து செல்வோர் தெருமுனைகளில் நீலநிறப் பலகைகளைக் காண்பர். தெருவின் பெயர் அவற்றில் பிரெஞ்சிலும் இருக்கும், தமிழிலும் இருக்கும். அயலான் பெயர் தாங்கிய தெருவே தமிழில் தன்னை அறிவித்துக் கொள்கிறது. அத்தகைய தெருக்களில் தமிழன் திறந்து வைத்துள்ள தேறற்கடைகள் பலவும் எம்மொழியில் தம்மை அறிவித்துக் கொள்கின்றன? பலகை ஆங்கிலம், விலைப்பட்டி ஆங்கிலம், பகட்டுக்கு இரண்டு பிரெஞ்சுச் சொற்கள். தப்பித் தவறித் தமிழெழுத்துத் தென்பட்டால், அங்கு நிற்பதும் 'ஒயின் சாப்' என்பதே! உடல் தமிழ், உயிர் ஆங்கிலம். இதற்குப் பெயர் தமிழ்ப் பலகையா?

கேடு பலகையோடு நின்றுவிடவில்லை. பருவந்தோறும் 'இப் பருவத்துக்கு இன்ன தேறல்' என்று பரிந்துரைப் பட்டி வெளியிடுவதும், மாலை வேளையில் வாடிக்கையாளரை அழைத்துச் சுவைத்தறியும் விருந்து நடத்துவதும் மேலைநாட்டுத் தேறல் வணிகத்தின் வழக்கங்கள். அவற்றை இங்கே பெயர்த்து நடுவோர், அவற்றின் மொழியையும் வேரோடு பெயர்த்து நடுகின்றனர். அவர்தம் பருவங்கள்கூட இம்மண்ணின் பருவங்கள் அல்ல. பிரான்சில் நவம்பர்த் திங்கள் மூன்றாம் வியாழனன்று போசொலே வட்டாரத்துப் புதுத்தேறல் கடைக்கு வருகிறது. அங்கு அது கொடிமுந்திரி அறுவடை முடிந்து மரங்கள் இலையுதிர்க்கும் காலம். புதுச்சேரியிலோ அது கார்த்திகை, கூதிர்க்காலம், வடகிழக்குப் பருவமழை கொட்டும் நாள்கள். குடை பிடித்து வந்தவனிடம் "இஃது இலையுதிர்காலத் தேறல்" என்று ஆங்கிலத்தில் சொன்னால், எந்த இலை இங்கு உதிர்ந்தது? உதிர்ந்தது தமிழ் ஒன்றே!

கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆண்டை ஆறு பெரும்பொழுதாகப் பகுத்தவர் தமிழர். இனிப்பு, புளிப்பு, கார்ப்பு, உவர்ப்பு, துவர்ப்பு, கைப்பு எனச் சுவையை ஆறாக வகுத்தவரும் அவரே. தேறலைச் சுவைத்தறிவோன் முதலில் நிறம் பார்க்கிறான். பிறகு மணம் முகர்கிறான். அதன்பின் ஒரு மிடற்றை நாவிலே உருட்டிச் சுவை காண்கிறான். செந்தேறலில் பழத்தோலும் வித்தும் ஏற்றும் சுவையைச் சொல்லத் தமிழ்நாவுக்கு ஆங்கிலம் எதற்கு? நெல்லிக்காயும் வாழைப்பூவும் உண்ட சிற்றூர்க் கிழவி ஒரே சொல்லில் சொல்லி விடுவாள்: துவர்ப்பு! சொல் இல்லாமையால் அன்று, மானம் இல்லாமையாலேயே தமிழ் அங்கு வாய் மூடிக் கிடக்கிறது.

இம்மண்ணுக்குக் கொடிமுந்திரித் தேறல் பிரெஞ்சியரோடு வந்த புதுமை என்பாரும் உளர். புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலரும், 1947-48-இல் கசாலும் அங்கு அகழ்ந்தபோது, நடுநிலக் கடல் நாடுகளிலிருந்து தேறல் கொணர்ந்த இருகைப்பிடிச் சாடிகளின் உடைசல்கள் வெளிப்பட்டன. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுக்கு முன்னரே யவனத் தேறல் இக்கரையில் இறங்கியது. அன்றைய தமிழன் என் செய்தான்? யவனன் சொல்லைக் கடன் வாங்கித் தன் நாவைக் கறைப்படுத்திக் கொண்டானா? இல்லை. தெளிந்ததைத் 'தேறல்' என்றான். யவனர் கொணர்ந்த தேறலைப் பாண்டியன் நன்மாறன் பருகி இனிதிருக்க என நக்கீரனார் வாழ்த்தியபோது (புறநானூறு, 56), அவருக்கு அத் தமிழ்ச்சொல்லே போதுமாயிற்று. அரிக்கமேட்டுப் பானையோடுகளில் தமிழ் எழுத்துப் பொறிப்புகளும் கிடைத்தன. அன்று பானையில் தமிழ் இருந்தது. இன்று பலகையில் தமிழ் இல்லை!

பிரெஞ்சியரைப் பின்பற்றுகிறோம் எனப் பெருமை பேசுவோர் அவரை முழுமையாகவேனும் பின்பற்றுகின்றனரா? தம் தேறல்களின் பிறப்பிடப் பெயர்களைக் காக்க 1935-இலேயே சட்டம் செய்தவர் பிரெஞ்சியர். சாம்பேன் வட்டாரத்தில் விளைந்து அங்கேயே ஆக்கப்படாத எந்தத் தேறலும் அங்கே அப்பெயரைச் சூட முடியாது. தேறல் விளம்பரத்துக்குக் கடிவாளமிட்டு, மிகுகுடியின் தீங்கை அதிலேயே எச்சரிக்க வேண்டுமென 1991-இல் சட்டம் இயற்றினர். விற்பனைப் பொருளின் விளக்கமும் விளம்பரமும் பிரெஞ்சு மொழியில் இருந்தே ஆகவேண்டும் என 1994-இல் மற்றொரு சட்டம் இயற்றினர். பாரிசில் பிரெஞ்சு இல்லாமல் கடை நடத்தவியலாது. புதுச்சேரியில் தமிழ் இல்லாமல் கடை நடத்தலாம்! பிரெஞ்சியனிடம் குடிக்கக் கற்றவர் அவனிடம் மொழிமானத்தைக் கற்கவில்லையே!

"குடியே கேடு, கேட்டுக்குத் தமிழ்ப்பெயர் எதற்கு?" என்று வினவுவோர் உண்டு. குடி கேடே, அதில் ஐயமில்லை. 'கள்ளுண்ணாமை' என ஓர் அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். ஆனால், அக்கேட்டைச் சொல்வதற்கும் தமிழ்தானே வேண்டும்? 'குடி உடலுக்குக் கேடு' என்னும் எச்சரிக்கை புட்டிலில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தால், கூலி முழுவதையும் கடையில் கொட்டும் உழைப்பாளி அதை எவ்வாறு படிப்பான்? 2018-ஆம் ஆண்டின் நடுவணரசு உணவுக் காப்பு நெறிமுறை, மாநிலம் விரும்பின் அவ்வெச்சரிக்கையை அதன் மொழியிலேயே பொறிக்க இடந்தருகிறது. செல்வர் மாளிகையின் சுவைவிருந்தில் தமிழ் இல்லாமை மானக்கேடு. ஏழையின் புட்டிலில் தமிழ் இல்லாமை உயிர்க்கேடு.

புதுச்சேரி பாவேந்தர் பாரதிதாசன் 1891-இல் பிறந்த ஊர். கடைப்பலகைகளில் தமிழ் வேண்டுமெனத் 'தமிழியக்கம்' நூலில் முழங்கியவர் அவர். பிரெஞ்சியர் ஆட்சி 1954 நவம்பர் முதல் நாளோடு ஒழிந்தது. 1965-இல் ஆட்சிமொழிச் சட்டம் தமிழை ஏற்றது. 2006-இல் ஊரின் பெயரே புதுச்சேரி எனத் திருத்தப்பட்டது. கடைகளின் பெயர்ப்பலகைகளில் தமிழ் வேண்டுமென 2025-இல் முதலமைச்சரே சட்டமன்றத்தில் அறிவித்தார். அறிவிப்பு ஏட்டோடு நின்றால் பலகையில் எழுத்து ஏறாது. குடிவணிகம் அரசு தரும் உரிமத்தால் நடப்பது. அதன் தீர்வையோ அரசின் முதன்மை வருவாய்களுள் ஒன்று. தமிழில் பலகையும் விலைப்பட்டியும் எச்சரிக்கையும் இல்லாத கடைக்கு உரிமம் புதுப்பிக்கப்படாது என ஒரு வரி எழுத எத்தனை ஆண்டு வேண்டும்?

யவனன் கொணர்ந்த சாடிக்குத் தமிழ்ப் பெயரிட்டவன் தமிழன். அவன் வழிவந்தவன் தன் கடைக்கு அயலான் பெயரை இரந்து நிற்கிறான். மயக்கம் குடியால் வந்தால் பொழுது விடிந்தால் தெளியும். அயன்மொழி மயக்கம் தலைமுறை கடந்தும் தெளியாது. புதுச்சேரித் தமிழா, முதலில் அம்மயக்கம் தெளிக!