பாட்டி வைத்தியத்துக்கும் எல்லை உண்டு!



எங்கள் தெருவில் யாருக்காவது சளி, இருமல், வயிற்றுப் பொருமல் என்றால் டாக்டர் வீட்டுக்கு முன்பு என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். விருதுநகர் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவள் நான். வயது 61 ஆகிறது. சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம், சித்தரத்தை, அதிமதுரம், கடுக்காய், வசம்பு என்று என் வீட்டில் எப்போதும் இருப்பு இருக்கும். கொல்லையில் துளசி, ஓமவல்லி, நொச்சி, முருங்கை. "அத்தை வீட்டுல இல்லாத மருந்தா?" என்று அக்கம்பக்கத்தில் சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கும். அந்தப் பெருமைதான் 2019 சித்திரை மாதத்தில் என்னைத் தலைகுனிய வைத்தது. இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததை இப்போது எழுதுகிறேன். என்னைப் போன்ற மாமியார்கள் இந்தப் பகுதியைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இருப்பார்கள் என்பதால்தான்.

என் பேரனுக்கு அப்போது எட்டு மாதம். நல்ல வெயில். காலையிலிருந்து வயிற்றால் போகத் தொடங்கியது. மருமகள், "அத்தை, டாக்டர்கிட்ட காட்டிரலாமா?" என்று கேட்டாள். "பல் முளைக்கிற நேரம் தாயி, அப்படித்தான் இருக்கும். இதுக்கெல்லாம் ஆஸ்பத்திரியா?" என்று நான்தான் அடக்கிவிட்டேன். வசம்பைச் சுட்டு, இழைத்துக் கொடுத்தேன். மாதுளை ஓட்டை அவித்த தண்ணீரைச் சங்கில் புகட்டினேன். "வயித்துக்கு ஓய்வு கொடுக்கணும், ரெண்டு வேளைக்குப் பால் கொடுக்காதே" என்று வேறு சொல்லிவிட்டேன். அவள் மார்பு கட்டிக்கொண்டு வலியில் துடித்தாளே தவிர, என் பேச்சை மீறவில்லை.

மறுநாள் விடிகாலை என்னை எழுப்பினாள். "அத்தை, பிள்ளை அழுறான், கண்ணுல தண்ணியே வரல. ராத்திரியிலிருந்து ஒண்ணுக்கும் போகல" என்றாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் கண் உள்ளே போயிருந்தது, உச்சிக்குழி பள்ளமாகியிருந்தது, நாக்கு காய்ந்திருந்தது. ஆட்டோ பிடித்து ஓடினோம். கையில் நரம்பு கிடைக்காமல் இரண்டு மூன்று இடத்தில் குத்தி, கடைசியில் காலில்தான் டிரிப்ஸ் ஏற்றினார்கள். "இன்னும் நாலு மணி நேரம் தாமதிச்சிருந்தா கஷ்டம்மா" என்றார் டாக்டரம்மா.

பிறகு, "வீட்ல ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருமகள்தான், "கை வைத்தியம் கொஞ்சம் கொடுத்தோம் மேடம். பாலையும் நிறுத்திட்டோம்" என்றாள். "அத்தை கொடுத்தாங்க" என்று அவள் சொல்லவில்லை. அந்த 'தோம்' என்ற சொல் இன்றும் என்னைக் குடைகிறது.

டாக்டரம்மா திட்டவில்லை, பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். வயிற்றுப்போக்கில் குழந்தையைக் கொல்வது பேதி அல்ல. உடம்பிலிருந்து வெளியேறும் தண்ணீரும் உப்பும்தான். அதனால் தாய்ப்பாலை ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது. வழக்கத்தைவிட அடிக்கடி கொடுக்க வேண்டும். ஓ.ஆர்.எஸ். பொடியைப் பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரிய பாக்கெட் என்றால் ஒரு லிட்டரில், முழுசாகக் கரைக்க வேண்டும். ("கொஞ்சமாகக் குடிக்கும் பிள்ளைக்குப் பாதி போதும்" என்று கண்ணளவில் போடுகிறோமே, அதுதான் தப்பு.) ஸ்பூன் ஸ்பூனாகப் புகட்ட வேண்டும். ஒரு நாள் கழிந்தால் மீதியைக் கொட்டிவிட வேண்டும். கூடவே 14 நாளைக்குத் துத்தநாக மாத்திரை. அரிசிக் கஞ்சியில் உப்புப் போட்டுக் கொடுப்பது நல்லதுதான் என்றும் சொன்னார். நம் அம்மாக்கள் அந்த ஒன்றில் சரியாகத்தான் இருந்திருக்கிறார்கள்.

இந்த ஓ.ஆர்.எஸ். கூட ஒரு கை வைத்தியம்தான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் சேர்ந்தால், பேதி போய்க்கொண்டிருக்கும்போதும் குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளுமாம். 1971-ல் வங்கதேசப் போரின்போது அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் மருந்து தீர்ந்து போன நேரத்தில், திலீப் மஹலானாபிஸ் என்ற கல்கத்தா டாக்டர் உப்பையும் சர்க்கரையையும் கலந்து, நோயாளியின் சொந்தக்காரர்களையே புகட்டச் சொல்லி ஏராளமானவர்களைக் காப்பாற்றினார். 2022-ல் அவர் காலமான பின், 2023-ல் பத்ம விபூஷண் கொடுத்தார்கள். ஒரு விஷயம், கடையில் அட்டை டப்பாவில் பழ வாசனையோடு விற்கும் இனிப்புப் பானம் இதற்கு ஈடாகாது. அதில் சர்க்கரை அதிகம், பேதியை அதிகப்படுத்தும். அந்த மாதிரிப் பானங்களில் ஓ.ஆர்.எஸ். என்ற பெயரைப் போடக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது. பாக்கெட்டில் உலக சுகாதார நிறுவன அளவுப்படி என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

வசம்பை நம் பக்கம் 'பேர் சொல்லா மருந்து', 'பிள்ளை வளர்ப்பான்' என்போம். அத்தனை மரியாதை! என் பிள்ளைகள் மூன்று பேருக்கும் கொடுத்தேன், நன்றாகத்தான் வளர்ந்தார்கள். ஆனால் "எங்க பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே" என்பது ஒரு சாட்சி ஆகாது சகோதரிகளே. ஒன்றும் ஆகாத பிள்ளைகள்தானே நம் முன் நிற்கிறார்கள்! ஒரு வயதுக்குள் தேன் தொட்டு நாக்கில் வைப்பது ஆபத்து. அதிலுள்ள ஒருவகைக் கிருமியால் குழந்தையின் தசையே செயலிழந்து போகலாம். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சி நெஞ்சில் தேய்ப்பதை இரண்டு வயதுக்குள் செய்யவே கூடாது, வலிப்பு வரக்கூடும். மூக்கில் எண்ணெய் விடுவது, தொக்கம் எடுப்பது, இவற்றையெல்லாம் இனி விட்டுவிடுவோம். சமையலறையில் எண்ணெய் தெறித்தால் காப்பிப் பொடி, இங்க், பற்பசை எதுவும் வேண்டாம். குழாயைத் திறந்துவிட்டு இருபது நிமிஷம் கையைக் காட்டினால் போதும்.

அதற்காக நான் அஞ்சறைப் பெட்டியைத் தூக்கி எறிந்துவிடவில்லை. எறியவும் மாட்டேன். என் வீட்டுக்காரருக்கு இருமல் என்றால் சித்தரத்தையும் அதிமதுரமும் தட்டிப் போட்ட கஷாயம்தான். பொருமலுக்கு ஓமத் தண்ணீர். ஜலதோஷத்துக்கு நொச்சி இலை போட்டு ஆவி. ராத்திரி மிளகுப் பால். பெரியவர்களுக்கு, இரண்டு மூன்று நாளில் தானாகவே சரியாகிற கோளாறுகளுக்கு, இவை இதமாக இருக்கின்றன. வேண்டாத ஆன்டிபயாடிக் மாத்திரையை மெடிக்கல் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதைவிட இது எத்தனையோ மேல். ஆனால் மூன்று நாள் தாண்டினாலோ, மூச்சு வாங்கினாலோ, சளியில் ரத்தம் தெரிந்தாலோ கஷாயச் சட்டியை இறக்கி வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

காய்ச்சல் விஷயத்தில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். 2012-ல் டெங்கு பரவியபோது அரசு ஆஸ்பத்திரிகளிலேயே நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். நாங்களும் வரிசையில் நின்று குடித்தோம். குடிக்கட்டும், ஆனால் அதைக் குடித்துவிட்டோம் என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடக் கூடாது. டெங்குவில் காய்ச்சல் விட்ட பிறகுதான் ஆபத்தே ஆரம்பிக்கிறது. "கஷாயத்துல காய்ச்சல் இறங்கிருச்சு" என்று நாம் நிம்மதியாக உட்கார்ந்திருக்கும் நேரம்தான் அது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், பிள்ளை சுருண்டு படுப்பது எதைக் கண்டாலும் நிற்காதீர்கள்.

இப்போது வாட்ஸ்அப்பில் தினம் ஒரு பாட்டி வைத்தியம் வருகிறது. அந்தக் காலத்துப் பாட்டிக்காவது நம் பிள்ளையின் முகம் தெரியும்.

உண்மையில் நம் கையில் இருக்கும் பெரிய வைத்தியம் தின்பண்ட டப்பாதான் என்பேன். இதில் மட்டும் நான் மருமகளோடு சண்டை போட்டு ஜெயித்தேன்! நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. அரிசியில் பத்து மில்லிகிராம் அளவுதான். அந்த மாவில் கைப்பிடி முருங்கைக் கீரை, சின்ன வெங்காயம் போட்டு அடை தட்டினால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைக்கு வேறென்ன வேண்டும்? சுண்டல் செய்தால் இறக்கியதும் எலுமிச்சம்பழம் பிழியுங்கள். பயறிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் ஒட்ட அது உதவுகிறது. சுண்டலோடு டீ குடித்தால் அந்தப் பலன் குறைந்துவிடும். இது எனக்கே தெரியாது, பத்தாவது படிக்கும் பேத்தி சொன்னது.

கடலை உருண்டை எங்கள் பக்கத்துச் சொத்து. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020-ல் புவிசார் குறியீடே கிடைத்தது. கடலையை மணலில் வறுத்தோ வெறும் சட்டியில் வறுத்தோ தோல் நீக்கி, சுருங்கினது, கறுத்தது, பூசணம் பிடித்தது எல்லாவற்றையும் பொறுக்கி எறிந்துவிட வேண்டும்; பூசணக் கடலை ஈரலைக் கெடுக்கும். வெல்லம் ரொம்ப வெளுப்பாக இருந்தால் வாங்காதீர்கள். ரசாயனம் போட்டு வெளுத்திருக்கலாம். கறுத்த வெல்லம் பார்க்க அழகில்லை, அவ்வளவுதான். பாகைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் 'டங்' என்று சத்தம் வர வேண்டும். நாலு வயதுக்குள் உள்ள பிள்ளைகளுக்கு முழுக் கடலை வேண்டாம், புரையேறினால் உயிருக்கே ஆபத்து. பொடித்து எள்ளோடு சேர்த்துப் பிடித்துக் கொடுங்கள்.

ஆனால் இதிலும் ஓர் ஏமாற்று இருக்கிறது. "வெல்லம்தானே, நாட்டுச் சர்க்கரைதானே" என்று சர்க்கரை நோய் உள்ள என் வீட்டுக்காரர் தினம் நாலு உருண்டையை உள்ளே தள்ளினார். ரத்தச் சர்க்கரை ஏறத்தான் செய்தது. வெல்லமும் சர்க்கரைதான் அம்மா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டு என்று அறிவித்த பிறகு கடையெல்லாம் சிறுதானிய பிஸ்கட். பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். எது அதிகமோ அதுதான் முதலில் போட்டிருக்கும். பாதிக்கு மேல் மைதாதான்.

இப்போது பேரன் பள்ளிக்கூடம் போகிறான், குறும்புக்குக் குறைவில்லை. எங்கள் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்தில் நாலு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எப்போதும் இருக்கும். தேதி பார்த்து மாற்றி வைப்பது என் வேலை. போன வாரம் எதிர் வீட்டுப் பெண் கைக்குழந்தையோடு வந்து, "அத்தை, வசம்பு இருக்கா?" என்றாள். இரண்டு பாக்கெட்டை எடுத்துக் கொடுத்தேன். மருமகள் கூடவே செருப்பை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள்.

- ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்